ஸ்டாக் கார் பந்தயமும் பிளாஸ்டிக் கார் கிட்டும் ஏன் ஒன்றாகத் தேய்ந்தன?

கேள்வி இது: “அமெரிக்காவில் 1960, 70களில் வளர்ந்த பையன்கள் பிளாஸ்டிக் கார் கிட் வாங்கி, பாகங்களை ஒட்டிச் சின்னக் கார் கட்டினார்கள், ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்டாக் கார் பந்தயம் பார்த்தார்கள் என்கிறார்கள். இன்று இரண்டுமே ஏன் இப்படித் தேய்ந்துவிட்டன? இரண்டுக்கும் தொடர்பு உண்டா, இல்லை வீடியோ கேமும் செல்போனும் வந்ததுதான் காரணமா?”

தொடர்பு உண்டு. நான் வட கரோலினாவில் சார்லட் பக்கம் பல வருடங்களாக இருக்கிறேன். அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் பெரிய அமைப்பு நாஸ்கார். அதன் அணிகளில் பெரும்பாலானவற்றின் பட்டறைகள் மூர்ஸ்வில், கான்கார்ட் என்று இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. வேலைக்காக வந்த இடத்தில் முதலில் பந்தயம் பிடித்துப்போனது. அப்புறம் பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் கராஜில் அடுக்கி வைத்திருந்த பழைய கிட் பெட்டிகளைக் காட்டினார், அதுவும் தொற்றிக்கொண்டது. இரண்டையும் சேர்த்தே பார்த்துப் பழகியதால் எனக்குப் படுவது இதுதான்: தெருவில் ஓடிய கார், பந்தயத்தில் ஓடிய கார், பையனின் அலமாரியில் நின்ற கார், இந்த மூன்றும் ஒரே காராக இருந்தவரை இரண்டும் செழித்தன. மூன்றும் மூன்று காராக ஆனபோது இரண்டும் தேய்ந்தன. வீடியோ கேம்தான் முதல் குற்றவாளி என்பதை நான் ஏற்கவில்லை. வீட்டுக்கு வீடு வீடியோ கேம் புகுந்த 1990களில்தான் நாஸ்கார் உச்சத்துக்கு ஏறியது. பந்தயக் கார் கிட்டுகளும் அப்போது நன்றாகவே விற்றன.

முதலில் ‘ஸ்டாக்’ என்ற சொல்லைப் பார்ப்போம். கடையில் ஸ்டாக் இருக்கிறதா என்று நாம் கேட்கிறோமே, அதே ஸ்டாக்தான். ஷோரூமில் இருப்பில் உள்ள, கைவைத்து எதையும் மாற்றாத கார். பில் பிரான்ஸ் என்பவர் 1947 டிசம்பரில் டேடோனா பீச்சின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் ஆட்களைக் கூட்டிப் பேசி, அடுத்த ஆண்டு நாஸ்காரைத் தொடங்கினார். 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் ஒரு மண் பாதையில் நடந்ததுதான் நாஸ்காரின் உச்சப் போட்டியான இன்றைய கப் தொடரின் முதல் பந்தயம். முதலில் வந்த கிளென் டனவேயின் ஃபோர்டில் பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றி வைத்திருந்தது சோதனையில் தெரிந்தது. அவரை நீக்கிவிட்டு ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். ரோப்பர் கன்சாஸிலிருந்து ஒரு லிங்கன் காரைச் சாலையில் ஓட்டிக்கொண்டு வந்து, அதே லிங்கனில் பந்தயமும் ஓட்டியவர். அன்று லீ பெட்டி, தெரிந்தவரிடம் இரவல் வாங்கிய பியூக் காரில் குடும்பத்தோடு வந்திருந்தார். அதே பியூக்கைப் பந்தயத்தில் உருட்டிவிட்டார். திரும்பிப் போக வண்டி இல்லை. கூட வந்திருந்த 11 வயது மகன் ரிச்சர்ட், பின்னாளில் 200 பந்தயங்களை வென்ற ரிச்சர்ட் பெட்டி.

குடும்பம் ஏறி வந்த காரே பந்தயக் கார். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

நாஸ்கார் தொடங்கிய அதே 1948இல்தான், அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் பக்கம் ஏஎம்டி என்ற கம்பெனி தொடங்கியது. அதன் தொழில், கார் டீலர்களுக்குச் சின்ன மாதிரிக் கார் செய்து தருவது. ‘ப்ரோமோ’ என்பார்கள். உண்மையான காரின் அளவில் 25இல் ஒரு பங்கு, ஷோரூமில் கிடைக்கும் அதே வண்ணங்கள். அப்பா கார் பார்க்க வந்தால் பையன் கையில் ஒன்று கொடுத்து அனுப்பலாம். ஜோ-ஹான் என்ற டெட்ராய்ட் கம்பெனியும் இதையே செய்தது. 1958இல் ஏஎம்டிக்கு ஒரு யோசனை வந்தது. ப்ரோமோவுக்குச் செய்த அச்சை வைத்தே பாகங்களைத் தனித்தனியாக வார்த்து, பெட்டியில் போட்டு, ‘த்ரீ இன் ஒன்’ என்று விற்றார்கள். ஷோரூமில் இருப்பதுபோல் கட்டலாம், அலங்கரித்துக் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். விலை சுமார் ஒன்றரை டாலர். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் புது ஆண்டின் கார்கள் ஷோரூமுக்கு வரும், பின்னாலேயே அவற்றின் கிட்டுகள் கடைக்கு வரும்.

இதில் வெளியே தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. ப்ளாஸ்டிக் கிட்டில் காசு தின்பது அச்சு. எஃகில் வெட்டிய அச்சு, பலரின் பல மாத வேலை. அந்தச் செலவில் பெரும் பங்கை ப்ரோமோ வாங்கிய கார் கம்பெனிகளே சுமந்தன. வரைபடமும் அவர்களே கொடுத்தார்கள். விளம்பரம் கிடைக்கிறதே என்று உரிமைத் தொகையைப் பற்றி யாரும் பேசவில்லை. பிற்காலத்தில் கார் கம்பெனிகள் ப்ரோமோவைக் கைவிட்டன. அப்புறம் தங்கள் பெயரையும் வடிவத்தையும் பயன்படுத்தக் காசும் கேட்டன. கிட் தொழிலின் அடித்தளம் ஆடத் தொடங்கியது அங்கேதான்.

பந்தயப் பக்கமும் அப்போது இதே கதைதான். ‘ஞாயிறு ஜெயி, திங்கள் விற்பனை செய்’ என்பது டெட்ராய்ட்டின் மந்திரம். பந்தயத்தில் இறக்க வேண்டுமென்றால் அந்தக் காரைப் பொதுமக்களுக்கும் விற்றாக வேண்டும் என்று விதி இருந்தது. 1970இன் பிளிமத் சூப்பர்பேர்டைப் படத்தில் பார்த்திருப்பீர்கள்: கூர்மையான மூக்கு, பின்னால் கூரைக்கும் மேலே உயர்ந்து நிற்கும் இறக்கை. ஃபோர்டுக்குப் போய்விட்ட ரிச்சர்ட் பெட்டியைத் திரும்ப இழுக்கவே செய்த கார் அது. அதையும் டீலர் கடையில் நிறுத்தி விற்றார்கள். மளிகை வாங்கப் போகிற சாலையில் அது கடந்து போனால், மேசையில் ஜோ-ஹான் சூப்பர்பேர்டை ஒட்டிக்கொண்டிருக்கும் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்!

ரிச்சர்ட் பெட்டியின் காரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1972இல் எஸ்டிபி கம்பெனி விளம்பரதாரராக வந்தபோது, அதன் தலைவர் ஆண்டி கிரானடெல்லி கார் முழுக்கச் சிவப்பாக இருக்க வேண்டும் என்றார். ரிச்சர்ட் பெட்டி தம் குடும்பத்து நீலத்தை விடமாட்டேன் என்றார். வெகுநேரம் பேசி, கடைசியில் நீலமும் சிவப்பும் சேர்ந்த கார் பிறந்தது. 43ஆம் எண், அந்த நீலம், அந்தச் சிவப்பு. வருடக் கணக்கில் அது மாறவில்லை. கிட் செய்பவருக்கு இதைவிட நல்ல விஷயம் கிடையாது. ஒரு தடவை டிகால், அதாவது காரின் மேல் ஒட்டும் எண்ணும் எழுத்தும் கொண்ட மெல்லிய படம், அச்சடித்தால் பல வருடம் விற்கும். பையனுக்கும் அந்தக் கார் ஒரு முகம் மாதிரி மனத்தில் நின்றுவிடும்.

1979 பிப்ரவரியில், நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேடோனா 500ஐ சிபிஎஸ் தொலைக்காட்சி முதன்முறையாகத் தொடக்கம் முதல் முடிவு வரை நேரலையில் காட்டியது. கிழக்கு அமெரிக்கா பனிப்புயலில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நாள் அது. கடைசிச் சுற்றில் முன்னே போன கேல் யார்பரோவும் டானி ஆலிசனும் மோதிக்கொண்டு புல்தரைக்குச் சரிந்தார்கள். பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார். அந்தப் பக்கம் யார்பரோவும் ஆலிசன் சகோதரர்களும் கைகலந்தார்கள். தெற்கு மாநிலங்களின் விளையாட்டு ஒரே மதியத்தில் நாடு முழுவதற்கும் தெரிந்துபோனது.

இந்தச் சமயத்திலேயே பந்தயக் கார் உள்ளுக்குள் மாறிவிட்டிருந்தது. குழாய்களை வெல்டு செய்து கட்டிய சேஸி, அதன் மேல் போர்த்திய தகடு. ஆனால் போர்வை இன்னும் தெருக் காரின் போர்வைதான். செவ்ரலே 1986இல் மான்டே கார்லோவின் பின் கண்ணாடியைச் சரிவாக நீட்டி ‘ஏரோகூப்பே’ என்று விட்டது. பந்தயத்தில் காற்றை வெட்டுவதற்காகச் செய்த மாற்றம் அது. அந்த ஆண்டு 200 கார்கள் செய்து பொதுமக்களுக்கு விற்ற பிறகே பந்தயத்தில் இறக்கினார்கள். 1987இல் டல்லடேகா பந்தயப் பாதையில் பில் எலியட் என்ற ஓட்டுநர் 9ஆம் எண் சிவப்பு தண்டர்பேர்டை மணிக்கு 212.809 மைல் வேகத்தில் ஓட்டித் தகுதி பெற்றார். அது இன்னும் முறியாத சாதனை. அந்த தண்டர்பேர்டின் உருவத்தை மறுநாள் ஃபோர்டு டீலர் கடையில் பார்க்க முடிந்தது.

சிகாகோ பக்கத்து மோனோகிராம் கம்பெனி 1983 வாக்கில் தொடங்கி வெளியிட்ட நாஸ்கார் கிட்டுகள் இந்தக் காலத்துக் கார்கள்தான், 24இல் ஒரு பங்கு அளவில். பக்கத்து வீட்டுப் பெரியவர் எனக்கு முதலில் கொடுத்ததும் அப்படியொரு தண்டர்பேர்ட்தான். பெட்டியைத் திறந்தால் சட்டம் சட்டமாகக் கோத்த பாகங்கள். வெட்டுக் குறடால் ஒவ்வொன்றாக வெட்டி, வெட்டிய இடத்தின் முளையைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஓட்டுநரைச் சுற்றி வரும் பாதுகாப்புக் கூண்டுதான் கடினம். தீக்குச்சியைவிட மெல்லிய குழாய்கள், நான்கு மூலையும் ஒரே சமயத்தில் பொருந்த வேண்டும். ஒன்று கோணினால் மேலே பாடி உட்காராது. நான் இரண்டு முறை பிரித்து மறுபடி ஒட்டினேன். அதை முடிக்கும்போது ஒரு பந்தயக் காரில் எந்தக் குழாய் எதைத் தாங்குகிறது, பெட்ரோல் டாங்க் ஏன் பின்னால் அந்த இடத்தில், டிரைவர் சீட்டின் இடது பக்கம் ஏன் அவ்வளவு கம்பிகள் என்பதெல்லாம் கைக்கே தெரிந்துவிடும். எந்தப் புத்தகமும் எனக்கு அதை அப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை.

கடைசியில் டிகால். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் ஊறவிட்டு, காகிதத்திலிருந்து மெதுவாக நழுவவிட்டு, நீர் காய்வதற்குள் இடம் பார்த்து நிறுத்த வேண்டும். கதவில் அந்த 9 நேராக உட்கார்ந்ததும் அதுவரை வெறும் சிவப்புப் பிளாஸ்டிக்காக இருந்தது எலியட்டின் காராகிவிடும். அந்த ஒரு நொடிக்காகவே ஆட்கள் இருபது முப்பது மணி நேரம் குனிந்து உட்காருகிறார்கள்.

இனி முறிந்த கதை. டெட்ராய்ட் தன் கார்களை முன்சக்கர இழுவைக்கு மாற்றியது, நாஸ்கார் பின்சக்கர வி8 இன்ஜினிலேயே நின்றது. 1995இல் வந்த மான்டே கார்லோவை ஷோரூமில் வாங்கினால் முன்சக்கரம் இழுக்கும் வி6. பந்தயத்தில் ஓடியதற்கும் அதற்கும் பெயர்தான் பொது. 1997இல் தண்டர்பேர்ட் நின்றது. அடுத்த ஆண்டு ஃபோர்டு பந்தயத்துக்குக் கொண்டுவந்தது டாரஸ், நான்கு கதவு கொண்ட குடும்பக் கார். இரண்டு கதவு டாரஸ் என்று ஒன்றை ஃபோர்டு விற்றதே இல்லை. பந்தயப் பாதையில் மட்டும் அது இரண்டு கதவுக் கார்போல் ஓடியது. 2007இல் வந்த ‘கார் ஆஃப் டுமாரோ’ பாதுகாப்பில் பெரிய முன்னேற்றம், அதை மறுக்கவே முடியாது. நாஸ்காரின் நட்சத்திர ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனாவின் கடைசிச் சுற்றில் இறந்த பிறகு ஓட்டுநரின் உயிரைக் காப்பது முதல் வேலையானது நியாயம்தான். ஆனால் அந்தக் காரில் செவ்ரலே, ஃபோர்டு, டாட்ஜ், டொயோட்டா எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே உடம்பு. ஹெட்லைட்டும் கிரில்லும் வெறும் ஸ்டிக்கர்.

யோசித்துப் பாருங்கள். நிஜக் காரே ஸ்டிக்கர் ஒட்டிய பொது உருவமாகிவிட்டால், கிட் கட்டுபவன் எதைக் கட்டுவான்? மூன்று பெட்டி வாங்கினால் மூன்றிலும் ஒரே பாடி, டிகால் தாள் மட்டும் வேறு.

நாஸ்கார் பிறகு இதைப் புரிந்துகொண்டு 2013இல் கார்களுக்கு மறுபடி முக அடையாளம் கொடுத்தது. 2022இன் ‘நெக்ஸ்ட் ஜென்’ காரும் பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதன் பாகங்களில் பெரும்பாலானவற்றை எல்லா அணிகளும் குறிப்பிட்ட ஒரே சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும். கதவின் நடுவில் இருந்த எண்ணை விளம்பரத்துக்கு இடம் விட்டு முன்சக்கரத்துப் பக்கம் தள்ளிவிட்டார்கள். செவ்ரலே கமாரோ என்ற பெயரில் பந்தயத்தில் ஓடுகிறது, ஆனால் 2023 இறுதியோடு கமாரோ தயாரிப்பையே செவ்ரலே நிறுத்திவிட்டது. ஞாயிறு ஜெயித்த காரைத் திங்கட்கிழமை வாங்கப் போனால் கடையில் இல்லை. ‘ஸ்டாக்’ என்ற சொல்லுக்கு அங்கே பொருளே மிஞ்சவில்லை.

கிட்டுக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது. 1990களில் ஆக்‌ஷன், ரேசிங் சாம்பியன்ஸ் போன்ற கம்பெனிகள் டை-காஸ்ட் கார்களைக் கொண்டுவந்தன. உலோகத்தில் வார்த்து, வண்ணம் அடித்து, எண்ணும் எழுத்தும் அச்சடித்து, அப்படியே அலமாரியில் வைக்கத் தயாராக வருவது. 1995இல் எர்ன்ஹார்ட் தம் கறுப்பு 3ஆம் எண் காரை சார்லட்டின் ஆல்-ஸ்டார் பந்தயத்துக்காக வெள்ளி நிறத்தில் இறக்கினார். அதன் டை-காஸ்ட்டுக்கு ஆட்கள் முண்டியடித்தார்கள். அதைப் பார்த்த எல்லா அணியும் விசேஷ வண்ணத்தில் இறங்கியது. இன்று ஒரே ஓட்டுநர் ஒரு சீசனில் பத்துப் பன்னிரண்டு விளம்பரதாரர்களின் வண்ணத்தில் வருகிறார். டை-காஸ்ட்டுக்கு அது நல்லது, அச்சு அப்படியே இருக்க மேல் அச்சடிப்பை மட்டும் மாற்றி வாரா வாரம் புதுப் பொருள் விற்கலாம். கிட் கம்பெனியால் அப்படி ஓட முடியாது. கிட் கடைக்கு வந்து சேர்வதற்குள் அந்த வண்ணம் பழசாகிவிடும். ரிச்சர்ட் பெட்டியின் நீலம்போல, எர்ன்ஹார்ட்டின் கறுப்புபோல, ஒரு பையன் மனத்தில் நிற்கக்கூடிய கார் இன்று எது என்று கேட்டால் என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

உரிமம் வேறு. ஒரு பந்தயக் கார் கிட்டுக்குக் கார் கம்பெனி, அணி, ஓட்டுநர், விளம்பரதாரர், டயர் கம்பெனி என்று ஆளுக்கொரு கையெழுத்து வேண்டும். சிகரெட், பீர் விளம்பரங்களைப் பையன்கள் வாங்கும் பெட்டியில் போட முடியாமல் சில கிட்டுகள் பாதி டிகாலோடு வந்தன. மீதியை ஸ்லிக்ஸ் போன்ற தனி டிகால் கம்பெனிகளிடம் வாங்கி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கம்பெனிகளும் கைமாறிக்கொண்டே இருந்தன. ஏஎம்டியை 1978இல் லெஸ்னி என்ற பொம்மைக் கம்பெனி வாங்கியது, 1983இல் எர்டில் என்ற இன்னொரு கம்பெனி வாங்கியது. ரெவெல் என்ற கிட் கம்பெனியும் மோனோகிராமும் 1986இல் ஒன்றாகி, 2007இல் ஹாபிகோ என்ற கம்பெனியிடம் போய், அது 2018 ஜனவரியில் திவாலானது. அதே ஆண்டு அமெரிக்காவின் டாய்ஸ் ஆர் அஸ் பொம்மைக் கடைகளும் மூடின. முன்பெல்லாம் சின்ன ஊரின் மருந்துக் கடையில்கூடக் கிட் பெட்டி தொங்கும். பையன் சைக்கிளில் போய்த் தன் கைக்காசில் வாங்கிவிடுவான். இன்று அந்தப் பெட்டியின் விலை 30 டாலரைத் தாண்டுகிறது.

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இன்னொன்று. அந்தக் காலத்தில் சனிக்கிழமை அப்பா காரின் பானட்டைத் திறந்து கார்புரேட்டரைக் கழற்றுவார், பையன் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். உள்ளே போய்ச் சின்ன இன்ஜினில் சின்னக் கார்புரேட்டரை ஒட்டுவான். பார்த்ததைத்தான் கட்டினான். இன்று பானட்டைத் திறந்தால் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதற்குக் கீழே என்ன என்று அப்பாவுக்கே தெரியாது. அந்தப் பையனுக்கு கிட்டின் இன்ஜின் எதை நினைவூட்டும்?

நாஸ்காரின் சரிவுக்கு அதற்கே உரிய காரணங்களும் உண்டு. நாடு முழுக்கப் பரவும் ஆசையில் சொந்த ஊரைக் கைவிட்டது. வட கரோலினா மலையடிவாரத்தின் நார்த் வில்க்ஸ்பரோவில் 1996க்குப் பிறகு கப் பந்தயத்தை எடுத்துவிட்டார்கள், 2004க்குப் பிறகு ராக்கிங்ஹாமிலும் இல்லை. கள்ளச் சாராயம் கடத்திய இளைஞர்கள் போலீஸைவிட வேகமாக ஓட்டப் பழகி, பந்தய வீரர்களாக வந்த மண் அது. ஜூனியர் ஜான்சன் அப்படி வந்தவர்தான். 2004இல் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றினார்கள், பிறகும் திரும்பத் திரும்ப மாற்றினார்கள். பழைய ரசிகர்களுக்குக் கணக்கே பிடிபடாமல் போனது. 2008 பொருளாதார நெருக்கடி தெற்கின் உழைக்கும் குடும்பங்களை நேராகத் தாக்கியது, நாஸ்காரின் கூட்டம் அவர்கள்தான். டென்னசியின் பிரிஸ்டலில் 1982 முதல் தொடர்ந்து 55 பந்தயங்களுக்கு எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்தது. 2010 மார்ச்சில் அந்தத் தொடர் அறுந்தது. டேடோனாவில் 40 கோடி டாலர் செலவில் அரங்கத்தைப் புதுப்பித்தபோது இருக்கைகளைச் சுமார் 1,46,000இலிருந்து 1,01,500ஆகக் குறைத்தார்கள். 2006இல் டேடோனா 500ஐத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 1.9 கோடி. சமீப ஆண்டுகளில் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. இருந்தும் 2025இல் தொடங்கிய ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் 770 கோடி டாலர். பணம் குறையவில்லை, ஊர்தான் கலைந்துவிட்டது.

சரி, எல்லாம் போய்விட்டதா என்றால், இல்லை. ஏஎம்டி, எம்பிசி என்ற பழைய கிட் கம்பெனிகளின் அச்சுகளை இந்தியானா மாநிலத்தின் ரவுண்ட் 2 என்ற கம்பெனி வாங்கிப் பழைய கிட்டுகளை மறுபடி அச்சிடுகிறது. சால்வினோஸ் ஜேஆர் என்ற சின்னக் கம்பெனி 1980களின் நாஸ்கார் கார்களுக்குப் புது அச்சே வெட்டியிருக்கிறது. நார்த் வில்க்ஸ்பரோவில் களை மண்டிக் கிடந்த அரங்கத்தைச் சீர்செய்து 2023இல் ஆல்-ஸ்டார் பந்தயத்தைக் கொண்டுவந்தார்கள். அங்கே வந்த கூட்டத்தில் பழைய 43, பழைய 3 எண் சட்டைகளே அதிகம் என் கண்ணில் பட்டன. கிட் கண்காட்சிகளிலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் கட்டுவதும் தாங்கள் பன்னிரண்டு வயதில் பார்த்த கார்களைத்தான்.

உங்களுக்குக் கட்டிப் பார்க்கும் ஆசை இருந்தால் 80களின் மோனோகிராம் தண்டர்பேர்டோ மான்டே கார்லோவோ தேடுங்கள். கண்காட்சிகளில் பிரிக்காத பெட்டி இன்னும் கிடைக்கிறது. முதலில் டிகால் தாளை எடுத்துப் பாருங்கள். நாற்பது வருடத்தில் மஞ்சள் பூத்திருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் டேப்பால் ஒட்டி ஒன்றிரண்டு வாரம் விட்டுவிடுங்கள், மஞ்சள் வெளுத்துவிடும். அப்புறம் ஓரத்தில் இருக்கும் தேவையில்லாத ஒரு சின்ன டிகாலை மட்டும் வெட்டித் தண்ணீரில் போட்டுச் சோதியுங்கள். உடையாமல் முழுசாக நழுவினால் 9ஆம் எண்ணைத் தைரியமாக வெட்டலாம்.